அரூர் கல்யாண ஆல்பத்தில் சுதந்திர தேவி சிலை

"அண்ணா, நீங்க போட்ட சிலையால என்னைத் திருப்பி அனுப்பிருவாங்க போலிருக்கு."

அமெரிக்காவிலிருந்து சுகந்தி ஃபோனில் இப்படிச் சொன்னபோது நான் ஸ்டுடியோவில் சாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தேன். அரூரில் கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிறவன் நான். படிப்பு பத்தாவதோடு சரி. தீர்த்தமலை ஈசன் புண்ணியத்தில் தொழில் ஓடுகிறது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சுகந்தி, மஞ்சள் வெள்ளாமை செய்யும் மாதையனின் மகள். மாப்பிள்ளை அருண் சிறுவயதிலேயே பெற்றோரோடு அமெரிக்கா போய், அந்த நாட்டுக் குடிமகனாகி, அங்கேயே பட்டாளத்தில் சேர்ந்தவர். கல்யாணம் நம் அரூரில். பிறகு சுகந்தி விசிட் விசாவில் போனாள். போன இடத்தில் மாமியார் படுத்த படுக்கையாகிவிட்டார். மாமனாரும் அருணும் வேலைக்குப் போய்விடுவதால் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. அவள் தங்கியதில் விசா தேதி தாண்டிவிட்டது. அந்த நேரம் பார்த்து அருணுக்கு வெளிநாட்டு டூட்டி உத்தரவு வந்தது.

எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். பட்டாளத்துக்காரர் குடும்பத்துக்கு அங்கே ஒரு சலுகை உண்டாம். தேதி தாண்டியிருந்தாலும் விண்ணப்பம் போட்டால், அதிகாரிகள் மனசு வைத்து, வெளியே அனுப்பாமல் இருக்க விடுவார்கள். ஆனால் கல்யாணம் நிஜம் என்று காட்டவேண்டும். காட்டமுடியாமல் ஊர் திரும்பினால் மறுபடி உள்ளே போகப் பல வருஷம் ஆகலாம்.

1. வைன் கிளாஸுக்குள் தம்பதி

நம் பக்கத்தில் மண்டபத்தில் எடுத்த படத்தை அப்படியே ஆல்பத்தில் போட்டால் பார்ட்டி ஒத்துக்கொள்ளாது. பேக்ரவுண்டு மாற்றவேண்டும். டிசைன் செய்யும்போது மாதையன் என் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மாப்ள அமெரிக்காங்க. ஆல்பத்துல அமெரிக்கா இல்லாட்டி சொந்தக்காரன் எவன் நம்புவான்?" என்றார்.

மாலையும் கழுத்துமாக இருந்த ஜோடியைச் சுதந்திர தேவி சிலைக்கு முன்னால் நிறுத்தினேன். அடுத்த பக்கத்தில் பனிமலை. அதற்கடுத்து ஒரு பெரிய வைன் கிளாஸ், அதற்குள் இருவரும் உட்கார்ந்திருப்பார்கள். அது எங்கள் ஸ்டுடியோ ஸ்பெஷல்.

சுகந்தி விண்ணப்பத்தில், கல்யாணத்துக்கு அடுத்த வருஷம்தான் முதன்முதலாக அமெரிக்கா வந்ததாக எழுதியிருந்தாள். கல்யாணத்துக்கு அத்தாட்சியாக அவள் கொடுத்த ஆல்பத்தைப் புரட்டிய அவளுடைய வக்கீலம்மா, அப்படியானால் கல்யாண மாலையோடு இந்தச் சிலைக்கு முன்னால் எப்படி நின்றாய் என்று கேட்டிருக்கிறார். கிளாஸ் பக்கம் வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாராம்.

2. ஆதார் கார்டு முகங்கள்

மறுநாள் மாதையன் ஸ்டுடியோவுக்கு ஓடிவந்தார்.

"ஏங்க, அந்தச் சிலைய எடுத்துட்டு தீர்த்தமலைக் கோயில வெச்சிருங்க. சாமி இருந்தா ஒருத்தனும் சந்தேகப்படமாட்டான்."

"அவுங்க மலையே ஏறலையேங்க."

"நான் ஏறி வேண்டிக்கிட்டேன் இல்லீங்க? அது போதாதா?"

ஈசனைப் பொய்ச்சாட்சிக்குக் கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை. எடிட் செய்யாத படங்களை அப்படியே அனுப்பினேன். அங்கே வேறு சிக்கல். எல்லாப் படத்திலும் மொய்க்கவரோடு சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். நடுவில் இந்த இருவரும் ஆதார் கார்டுக்கு நிற்பதுபோல நேரே முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு படத்தில்கூட ஒருவரையொருவர் பார்க்கவில்லை. இவர்களுக்குள் பேச்சுவார்த்தை உண்டா என்று வக்கீலம்மா கேட்டாராம்.

ஏனம்மா இப்படி என்றேன். "எதுத்தாப்புல அப்பா உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தாரு. நான் எங்கண்ணா திரும்பறது?" என்றாள் சுகந்தி. சொல்லும்போதே அழுதுவிட்டாள். அருண் கிளம்ப அதிக நாள் இல்லை.

3. நாத்தனார் முடிச்சு

தாலி கட்டிய காட்சியை அழிக்க எனக்கு எப்போதும் கை வராது. அதனால் வெட்டாத வீடியோ ஹார்ட் டிஸ்கில் கிடந்தது. சாமியைக் கும்பிட்டுவிட்டுப் போட்டுப் பார்த்தேன்.

அருணுக்குக் கூடப்பிறந்த பெண் இல்லை. அவர் முதல் முடிச்சு போட்டதும், மிச்ச முடிச்சு எனக்குத்தான் என்று பெரியப்பா மகளும் சித்தப்பா மகளும் பிடித்துக்கொண்டார்கள். காது குத்தியபோது யார் மடி, வளைகாப்புக்கு யாரைக் கூப்பிடவில்லை என்று சண்டை எங்கெங்கோ போகிறது. அதுவரை அருண் தாலிக்கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தபடி குனிந்தே நிற்கிறார். மந்திரம் தெளிவாகக் கேட்க ஐயர் மேல் மாட்டியிருந்த மைக், அவர்கள் கிசுகிசுத்ததையும் பிடித்திருந்தது.

"கை வலிக்குதாங்க?"

"துப்பாக்கி தூக்கின கை, பரவால்ல. இவங்க முடிக்கறதுக்குள்ள நான் ரிட்டயர்டு ஆயிருவேன் போல."

சுகந்தி தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள். அவரும் சிரிக்கிறார்.

இந்த இடத்தைத்தான், சம்பந்தி வூட்டு மானம் போகும் என்று மாதையன் அன்றைக்கு வெட்டச் சொல்லியிருந்தார். இப்போது போட்டுக் காட்டினேன். அவர் நாற்காலியைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இந்தச் சண்டைய அமெரிக்கா கவர்மெண்டு பாக்கணுமாங்க?"

"பொண்ணு சிரிக்கறதப் பாப்பாங்க."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அனுப்புங்க. சம்பந்திகிட்ட நான் பேசிக்கறேன்" என்றார்.

வக்கீலம்மா ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் வேண்டும் என்றுவிட்டார். தருமபுரியில் மொழிபெயர்ப்பவர் அந்த இரண்டு பெண்களும் பேசியதைக் கேட்டுவிட்டு, கூடுதல் அவகாசம் கேட்டார்.

ஈசன் கைவிடவில்லை. அருண் கிளம்பும் முன்பே சுகந்தி அங்கேயே இருக்கலாம் என்று உத்தரவு வந்தது. காசு கொடுத்துக் கூப்பிட்டாலும் இப்படிச் சண்டை போட ஆள் கிடைக்காது, இது நிஜக் கல்யாணம்தான் என்று வக்கீலம்மா சொன்னாராம். அருணை ஏர்போர்ட்டில் வழியனுப்பிவிட்டு, மாமியாருக்குக் கஞ்சி வைக்க வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பதாகச் சுகந்தி ஃபோனில் சொன்னாள்.

அன்றிலிருந்து ஆல்பம் எப்படிக் கேட்டாலும் செய்து தருகிறேன். கூடவே வெட்டாத வீடியோ ஒரு காப்பியும் கேட்காமலே கொடுத்துவிடுகிறேன். தம்பிகளே, நம் கண்ணுக்கு அசிங்கமாகத் தெரிவதை அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள்.

போன மாதம் மாதையன் தன் மகன் கல்யாணத்துக்கு என்னை புக் பண்ண வந்தார். அட்வான்ஸைக் கையில் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "சண்டை வந்தா கொஞ்சம் கிட்டப் போயி எடுங்க."