மாற்றி மாற்றி விழித்திருப்பவர்கள்

எடப்பாடியிலிருந்து சேலம் வரும் பஸ்ஸில், ஒரு வெளிநாட்டுத் தம்பதி பாய்மரப் படகில் பெருங்கடலைக் கடக்கும் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து சீட் அக்கா எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, ராத்திரிக்குப் படகை எங்க நிறுத்துவாங்க?"

"நடுக்கடல்ல நிறுத்த முடியாதுங்க. ஒருத்தர் தூங்கினா இன்னொருத்தர் முழிச்சிருந்து ஓட்டணும்."

"அப்ப ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சோறு திங்கறது எப்பங்க?"

இருபது எபிசோடு பார்த்தும் எனக்குத் தோன்றாத கேள்வி.

அவரே சொன்னார். "எங்கூட்லயும் இதேதானுங்க. அவரு பகல் ஷிப்ட், நான் ராத்திரி ஷிப்ட். தறி நிக்கக்கூடாதுல்லங்க."

"இவங்க மூணு வாரத்துல கரை சேர்ந்துருவாங்கக்கா."

"மூணே வாரமுங்களா? அப்பப் பரவால்லீங்க" என்றபடி அடுத்த ஸ்டாப்பில் இறங்கிப் போனார்.

படகுக்காரர்களுக்கு வழக்கம்போல லைக் போட்டுவிட்டேன். அக்காவுக்கு எங்கே போடுவது?