சிப்பாய் மூடிய கண்

சீனாக்காரனோடு சண்டை நடந்த வருஷம், எங்கள் பள்ளிக்கூடத்துச் சுவரில் வாத்தியார் ஒரு பத்திரிகைப் படத்தை ஒட்டினார். துப்பாக்கியைத் தோளில் அணைத்து, ஒரு கண்ணை இறுக மூடிக் குறிபார்க்கும் சிப்பாய். நான் மூன்றாம் வகுப்பு. எங்கள் வீட்டில் முதன்முதலாகச் சிலேட்டைத் தொட்டவன் என்பதால், எது சரி என்று மற்றவர்களுக்குச் சொல்லும் பொறுப்பு எனக்கு இருப்பதாக நம்பினேன்.

அக்கா நம்பவில்லை. ஏரிக்கு மேற்கே மேட்டில் விளைச்சலில் பங்கு கொடுப்பதாக நாங்கள் வாரத்துக்குப் பயிரிட்டிருந்த கம்பங்கொல்லைக்கு அவள்தான் காவல். கதிர் பால் பிடித்த நாளிலிருந்து விடிந்ததும் பரணில் ஏறிவிடுவாள். கொய்யாக் கவட்டையில் சைக்கிள் டியூப் கட்டிய உண்டிகோல், மடியில் களிமண் உருண்டைகள். இரண்டு கண்ணையும் அகலத் திறந்துகொண்டுதான் அடிப்பாள். கிளியை அல்ல, அது உட்கார்ந்திருக்கும் கம்பந்தாளை. தாள் ஆடும், கிளி பறக்கும்.

“ஒரு கண்ண மூடிக்கினு அடிக்கணும்க்கா. சிப்பாயே அப்டித்தான் அடிக்கிறான்.”

“உன் சிப்பாய் கம்பங்கொல்ல காத்துக்கீறானாடா? ஒரு கண்ண மூடிக்கினா, அந்தப் பக்கம் வர்ற கிளிய யாரு, உன் வாத்தியாரா பாப்பாரு?”

நான் மூடிக்கொண்டு அடித்துக் காட்டினேன். உருண்டை பரண் காலில் பட்டு உடைந்தது.

அந்த வாரமே திருப்புலிவனத்திலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள், மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவாவது குதிரவேண்டும் என்று அம்மா வேண்டாத சாமியில்லை. காலையிலிருந்து அக்காவிடம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்: “இன்னா கேட்டாலும் தரைய பாத்துக்கினே சொல்லு. நிமிராத.” வெட்கப்படச் சொல்லிக்கொடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாம் நன்றாகவே போயிற்று. அக்கா தட்டிய கேழ்வரகு அடையை அந்த அம்மா இன்னொன்று கேட்டு வாங்கினார். மாப்பிள்ளை அக்காவைப் பார்ப்பதும் கூரையைப் பார்ப்பதுமாக இருந்தார்.

“கொல்ல வேலயெல்லாம் செய்யுமா பொண்ணு?” என்று அந்த அம்மா கேட்டதுதான் தாமதம். அக்காவின் பெருமையை ஒருவரும் சொல்லவில்லையே என்று தவித்துக்கொண்டிருந்த நான் முந்திக்கொண்டேன்.

“எங்க அக்கா உண்டிகோல்ல கிளி ஓட்டும். கண்ணயே மூடாது. ஒரு கண்ணு கிளிய பாக்கும், ஒரு கண்ணு வேற பக்கம் பாத்துக்கினு இருக்கும். அந்த மாதிரி யாராலயும் முடியாது!”

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். அவருடைய அம்மா சிரிக்கவில்லை. கையிலிருந்த அடையைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்துவந்து, அக்காவின் முகவாயைத் தொட்டுத் தூக்கினார்.

“எங்க, என்ன பாரும்மா.”

அக்கா பார்த்தாள்.

“மாறுகண்ணு” என்றார் அந்த அம்மா, கோபமே இல்லாமல். ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்புவதாகச் சொல்லிக் கிளம்பினார்கள். யாரும் சொல்லியனுப்பவில்லை.

அவர்கள் தெரு திரும்பியதும் அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கினாள். அக்கா குறுக்கே வந்து நின்றாள். “வுடும்மா. அவன் இன்னா பொய்யா சொன்னான்?”

மறுநாள் விடிந்ததும் நானும் அவளோடு பரணில் இருந்தேன். கிளிகள் வந்து இறங்கின. அக்கா ரப்பரை இழுத்தாள். பிறகு தளர்த்தினாள். இடது கண்ணை மெல்ல மூடிக்கொண்டு மறுபடி இழுத்தாள். உருண்டை எங்கோ போயிற்று. கிளிகள் அசையாமல் தின்றுகொண்டிருந்தன. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

கடைசியில் என் பேச்சைக் கேட்டுவிட்டாளே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஓடிப்போய், சிப்பாயின் முன்னால் விறைப்பாக நின்று ஒரு சல்யூட் வைத்தேன்.