புளி போட்டு மினுக்கிய தகடு

என் காரைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "உனக்கு எவன் அசல் காரை விற்றிருப்பான்?" அதில் அந்த "உனக்கு" என்ற சொல்தான் என்னைச் சுட்டது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் அகதியாக வந்து சேர்ந்த, பிரெஞ்சும் ஆங்கிலமும் பேசும் நகரம். அதன் செயின்ட்-மிஷேல் பகுதியில், அடிபட்ட கார்களைத் திருத்தும் கராஜ் ஒன்றில் எனக்கு வேலை. லொங்குய்யில் ஒரு கிழவரின் கொட்டகையில் வருடக்கணக்காகக் கிடந்த பழைய அமெரிக்க வேகக் கார், மஸில் கார் என்பார்களே, அப்படி ஒன்றை வாங்கி, பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டுக்குக் கட்டியிழுத்து வந்தேன். அந்தக் கார்களில் ஒரு வில்லங்கம் உண்டு. ஆலையிலேயே பெரிய எஞ்சின் பூட்டி வந்தவை கொஞ்சம்தான். சாதாரணக் காரில் பின்னாளில் பெரிய எஞ்சினைப் பூட்டி, பந்தயக் கார் போலப் பட்டையும் ஒட்டி, அசல் என்று தலையில் கட்டுகிறவர்கள் ஏராளம். என் தலையிலும் அப்படித்தான் கட்டிவிட்டார்கள் என்று கராஜில் சிரித்தார்கள். கோடைக் கார்க் கண்காட்சியில் அசல் கார்களுக்கென்று தனி வரிசை. அதில் நிறுத்த நிபுணரின் கடிதம் வேண்டும். அந்த வரிசையில் என் கார் நிற்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

நிபுணர் காசு வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வருவார். காரில் பொறித்திருக்கும் எண்களையும் எழுத்துகளையும் வாசித்து, எந்த ஆலை, என்ன நிறம், எந்த எஞ்சின் என்று சொல்வார். எஞ்சினுக்குப் பின்னாலுள்ள சுவரில் ஆணி அடித்துப் பொருத்திய, உள்ளங்கை அளவு தகடுதான் அதில் முக்கியம்.

அவர் வருவதற்கு முதல்நாள் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, அந்த மனுசன் காசு வாங்கிக்கொண்டு வாசிக்க வாறார். இந்த ஊத்தைத் தகட்டில என்னத்தை வாசிப்பார்? குத்துவிளக்கு மினுக்கிற மாதிரி மினுக்கி விடுங்கோவன்."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. பழப்புளியும் தேங்காய்த் தும்பும் கொண்டுவந்து தந்தாள். கை நோகத் தேய்த்தேன். உக்கிப்போயிருந்த கறுப்புப் பூச்சு உரிந்து தகடு பளபளவென்று வந்தது. வீட்டுக்கு ஒருவர் வருகிறார் என்றால் நாங்கள் வேறென்ன செய்வோம்?

மறுநாள் நிபுணர் வந்து பொனட்டைத் தூக்கினார். முகம் கோணியது.

"நோ, மெஸ்யூ. இந்தத் தகடு புதிது."

ஆலையில் அடித்த கறுப்புப் பூச்சு தகட்டின் மேலும் ஆணிகளின் மேலும் ஒன்றாகப் படிந்திருக்க வேண்டுமாம். அதுதான் சாட்சியாம். பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து நான் புளிக் கதையைச் சொன்னேன். மனைவி புளியைக் கிண்ணத்தோடு கொண்டுவந்து காட்டினாள். அவர் மணந்து பார்த்துச் சிரித்தார். பிறகு, எனக்கு நல்லது செய்கிற தோரணையில் குரலைத் தாழ்த்தினார். இதே எண்களோடு, பார்த்தால் பழையது போலவே ஒரு தகடு செய்து தர ஓர் ஆள் இருக்கிறாராம். அதை மாட்டினால் ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார்களாம்.

எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறியது. இந்தப் புத்திமதியை நான் முன்பும் கேட்டிருக்கிறேன். அகதி விசாரணையில் என் பிறப்புச் சான்றிதழ் புதிதாக இருக்கிறதே என்று சந்தேகப்பட்டார்கள். பழையது வீட்டோடு எரிந்துவிட்டது, இது பிறகு எடுத்த பிரதி என்றேன். வெளியே வந்தபோது தெரிந்த அண்ணை ஒருவர் என்னைக் கடிந்துகொண்டார். "தேத்தண்ணியில நனைச்சுக் காயவிட்டுக் குடுத்திருக்கலாமே, விசரா?" உயிர்ப் பயத்தோடு நின்ற அன்று செய்யாததையா ஒரு காருக்காகச் செய்வேன்?

"பொய்த் தகடு பழசாக இருந்தால் எழுதித் தருவீர்கள், உண்மைத் தகடு மினுங்கினால் தரமாட்டீர்களா?" என்று நிபுணரிடம் கேட்டேன். "எஞ்சினைப் பாருங்கள். அதற்கும் சேர்த்துத்தான் காசு தந்திருக்கிறேன்."

ஆலையிலிருந்து வந்த எஞ்சின் என்றால், கார் எண்ணின் கடைசி இலக்கங்கள் அதிலும் பொறித்திருக்கும். அந்த இடத்தில் கிரீஸ் விரல் தடிப்புக்கு இறுகிக் கிடந்தது. நல்லவேளை, எங்கள் புளி அங்கே போகவில்லை. அவரே சுரண்டினார். டார்ச் அடித்து, முன்கண்ணாடிக்குக் கீழே இருந்த கார் எண்ணோடு ஒப்பிட்டார். மறுபடியும் ஒப்பிட்டார். அதன்பிறகு அவர் சிரிக்கவில்லை.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. கார் அசல், எஞ்சினும் அதனுடையதே. கடைசி வரியில் மட்டும் ஒரு குத்து: தகடு உரிமையாளரால் கெடுக்கப்பட்டுள்ளது. அந்த வரியை மறைத்துப் பிரதி எடுக்கும்படி கராஜில் சொன்னார்கள். நான் எதற்கு மறைக்க வேண்டும்?

அசல் வரிசையில் காரை நிறுத்தி, கடிதத்தை முழுதாகக் கண்ணாடியில் ஒட்டினேன். பொனட்டைத் தூக்கி, தகட்டுக்குப் பக்கத்தில் மனைவி தமிழில் எழுதித் தந்த காகித மட்டையை வைத்தேன்: "இதுவும் அசல்தான். புளி போட்டு மினுக்கியது நாங்கள்."

மத்தியானம் நிபுணர் அந்தப் பக்கம் வந்தார். குனிந்து மட்டையை வெகுநேரம் பார்த்தார். இது என்ன எழுத்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்.

"வாசித்துச் சொல்லலாம், மெஸ்யூ," என்றேன். "ஆனால் நானும் காசு வாங்குவேன்."