நின்றால் உதறும் வண்டி

தருமபுரி நாலு ரோட்டில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது என் கார் லேசாக உதறியது. போர்வைக்குள் ஒருவர் குளிர் காய்ச்சலில் நடுங்குவது போல, வெளியே தெரியாத உதறல். பச்சை விழுந்து கிளம்பியதும் சரியாகிவிட்டது. எனக்கும் அதே வியாதிதான். ஓடுகிற நாளில் ஒன்றும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால்தான் இடுப்பு இருப்பது தெரியும்.

ஒர்க்‌ஷாப்பில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு ஒயரைச் செருகி, கையிலிருந்த திரையைப் பார்த்து, "காத்து போற வழில அழுக்கு சார்" என்றார்கள். பானெட்டை அதற்குப் பிறகுதான் திறந்தார்கள். பெட்ரோல் வாசனை வந்தது. சுவரில் சாமி படத்துக்கு ஏற்றியிருந்த ஊதுபத்தியும் மணத்தது. இரண்டும் ஒன்றாக மூக்கில் ஏறியதும் நான் அங்கே இல்லை. பாப்பிரெட்டிப்பட்டியில், ஒரு பிள்ளையார் கோயில் வாசலில், திறந்த பானெட்டுக்குப் பின்னால் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். பின் சீட்டில் கல்யாணப் பெண்ணாக என் அக்கா.

அக்காவுக்கு அதற்கு முன் ஓர் இடம் முடிந்து, பூவும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்த வாரமே மாப்பிள்ளை வீட்டு மாடு செத்துவிட்டது. மாட்டுக்கு நல்ல வயது. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கல்யாணம் நின்றது. அக்கா ரொம்ப நாள் வாசலுக்குக்கூட வரவில்லை. இரண்டாவதாக வந்தது பாப்பிரெட்டிப்பட்டி இடம். மாப்பிள்ளை தங்கமானவர். ஆனால் அவர் வீட்டில் எல்லாவற்றையும் முடிவு செய்தது அவருடைய பெரியம்மா. பல்லி கத்தினால் எந்தத் திசை என்று பார்த்துவிட்டுத்தான் காப்பியைக் குடிப்பார்.

அந்த ஊர் வழக்கம் இது: கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் பெண்ணைக் கோயிலிலிருந்து காரில் ஏற்றி, மேளத்துக்குப் பின்னால் நடை வேகத்தில் மாப்பிள்ளை வீட்டுக்கு அழைத்துப்போவார்கள். முக்குக்கு முக்கு நின்று ஆரத்தி வாங்க வேண்டும். நிற்கலாம், எஞ்சின் மட்டும் அணையக் கூடாது. அணைந்தால் தடை. தடை என்றால் கல்யாணத்தை நிறுத்தச் சொல்லிப் பெரியம்மா வீட்டில் பேசுவார்.

நாங்கள் வைத்திருந்தது ஜப்பார் பாயின் வாடகைக் கார். தருமபுரி ஸ்டாண்டில் மரியாதையான வண்டி, மரியாதையான மனிதர். ஏரியூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து காற்றாகக் கிளம்பியது. வழியில் ரயில்வே கேட்டில் நின்றதும் உதறி, இருமி, அணைந்தது. பாய் திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஓட்டத்துல ஒண்ணுமில்ல தம்பி. நின்னாத்தான் ஒதறுது. காலைல வரைக்கும் கல்லு மாதிரி நின்னுச்சு."

கோயில் வாசலில் மேளக்காரர்கள் தயாராக இருந்தார்கள். என்னை ஆக்சிலேட்டரில் உட்கார வைத்து, எஞ்சினை அணையவிடாமல் பாய் வைத்தியத்தில் இறங்கினார். பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். எதைக் கழற்றினாலும் உதறல் கூடியது. "நாலு பிளக்கும் வேல செய்யுது." கார்புரேட்டரின் வாயைக் கையால் பாதி பொத்தினார். உதறல் குறைந்தது. பாயின் முகம் மாறியது.

"காத்த கூடுதலா குடிக்குது தம்பி. எங்கயோ திருட்டு வழி இருக்குது."

பின் சீட்டிலிருந்து அக்கா மெதுவாகக் கேட்டாள். "என்னடா?"

"ஒண்ணுமில்லக்கா."

"நின்னுபோனா சொல்லு. எறங்கி நடந்துக்கறேன். நம்மூட்டுக்கு மட்டும் திரும்பி வரமாட்டேன்."

அவள் தலையில் இருந்த பூவின் கனத்துக்கு அந்தக் குரல் பொருந்தவில்லை. நான் கால் மாற்றி மிதித்தேன்.

பாய் ஊதுபத்தி கேட்டார். எங்கள் தாய்மாமன் பையில் ஒரு கட்டே இருந்தது. அதை ஏற்றி எஞ்சின் பக்கமாகப் பாய் மெதுவாக நகர்த்தும்போது பெரியம்மா வந்துவிட்டார்.

"என்னங்க பண்றீங்க?"

பாய் நிமிரவில்லை. "பூசைங்க."

"இஞ்சினுக்கா?"

"எங்கூரு பழக்கமுங்க" என்றார் மாமா, சட்டை நனைய. "பொண்ணு ஏறுற வண்டிக்கு நெஞ்சுலதான் பத்தி காட்டுவோம்."

பெரியம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒரு பூசாரி போல பாய் பக்தியோடு புகையைச் சுற்றினார். நான் பானெட் இடுக்கு வழியே பார்த்தேன். சுற்றி வந்த புகை ஓரிடத்தில் சட்டென்று மடங்கி, ஒரு சின்னக் குழாய்க்குள் கயிறு மாதிரி உள்ளே போனது. குழாயைச் சுற்றிச் சந்தனப் பொட்டு, சாம்பல்.

பாய் குரலைத் தாழ்த்தினார். "இங்க ஒரு ரப்பர் மூடி இருந்துச்சே?"

மாமா அதைவிடத் தாழ்த்தினார். "காலைல நீங்க சாப்புட்டுட்டு இருந்தீங்க பாய். வண்டிக்குப் பூச போட்டேன். பத்தி சொருக தோதா ஓட்டை ஒண்ணும் கெடைக்கல. அந்த மூடியப் புடுங்கினா, அளவெடுத்த மாதிரி இருந்துச்சு."

"மூடி?"

"எங்கூட்டு வாசல்ல."

அப்போது எனக்கு வேலை தருமபுரியில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில். அப்படிப்பட்ட ரப்பர் மூடிகளை டப்பா டப்பாவாக அடுக்கி வைத்தவன் நான். அன்று என் பாக்கெட்டில் இருந்தது ஒரு சீப்பு.

கோயில் சுவரில் தவில்காரரின் சைக்கிள் சாய்ந்திருந்தது. பாய் போய்க் குனிந்தார். சைக்கிள் ஒரு பெருமூச்சு விட்டுச் சக்கரத்தில் உட்கார்ந்தது. அதன் வால்வு டியூப்பை ஒரு முனையில் முடிச்சுப் போட்டு, அந்தக் குழாயின் மேல் இழுத்து மாட்டினார். உதறல் நின்றது. நான் காலை எடுத்தேன். எஞ்சின் தூங்கும் குழந்தை மாதிரி மூச்சு விட்டது. தவில்காரர் அந்தப் பக்கம் திரும்பி நின்று வாசித்துக்கொண்டிருந்தார். மறுநாள் மாமாவே அவருக்குப் புது டியூப் வாங்கிப் போட்டார்.

எல்லா முக்கிலும் நின்றோம். எல்லா ஆரத்தியையும் வாங்கினோம். வண்டி அணையவில்லை. மாப்பிள்ளை வீட்டு வாசலில் அக்கா இறங்கியபோதுதான் பாய் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் எந்தப் பெண் காரில் ஏறினாலும் பெரியம்மா பானெட்டைத் திறக்கச் சொல்லி எஞ்சினுக்குப் பத்தி காட்டினார். எங்கள் ஊரில் அப்படியொரு பழக்கம் கிடையாது என்று நாங்கள் கடைசிவரை சொல்லவில்லை.

பெரியம்மா போய்விட்டார். பாயும் போய்விட்டார். போன ஆவணியில் அக்கா மகளுக்குக் கல்யாணம். கோயிலிலிருந்து மண்டபத்துக்கு ஊர்வலம். மேளம் இருந்த இடத்தில் லாரி நிறைய ஸ்பீக்கர். திருப்பத்தில் பெண் இருந்த கார் நின்றது. நின்றதும் எஞ்சின் தானாக அணைந்தது; இந்தக் காலத்துக் கார்கள் அப்படித்தான். ஒருவரும் திரும்பவில்லை. பாட்டுச் சத்தத்தில் பூமியே அதிர்ந்துகொண்டிருந்தது. அதில் ஒரு வண்டி மூச்சு விடுகிறதா என்று காது வைத்துக் கேட்க ஆளில்லை.

என்னோடு நடந்து வந்த அக்கா மட்டும் நின்று, என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அது அப்படித்தான்க்கா. பெட்ரோல் மிச்சம் புடிக்க தானா அணையும். தானா கெளம்பிக்கும்."

"தெரியுண்டா" என்றாள்.

கார் கிளம்பும்வரை கையை விடவில்லை.