ஒன்பது எண்ணிக்கை மௌனம்

முப்பத்தெட்டு வருடங்கள் அடுத்தவர் பாட்டுக்கு அடியில் நின்றே பிழைத்தேன். முதலில் மதுரையில் மெல்லிசைக் குழு, பிறகு பெங்களூர் ஓட்டலில் ஜாஸ், அப்புறம் திரும்பவும் மதுரை. என் வாத்தியம் டபுள் பாஸ், நிறுத்திவைத்து வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியம். என்னைவிட நான்கு அங்குலம் உயரம். அது ஒலித்துக்கொண்டிருக்கும்வரை யார் காதிலும் தனியாக விழாது. நிறுத்தினால்தான் ஏதோ குறைகிறதென்று திரும்பிப் பார்ப்பார்கள்.

மேடைகள் குறைந்தபின் என் பெயரில் ஏழு இசை உருப்படிகள் எழுதினேன். ஏழாவது என் மனைவிக்கு.

ஆனையூர் வீட்டில் அவளுடைய கடைசி வாரத்தில் மூச்சு விட்டுவிட்டு வந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே நான் எண்ணுவேன்; வேறென்ன செய்யத் தெரியும். நான்கு, ஆறு, ஒருமுறை ஒன்பது. அப்போது கண் திறந்து, "என்ன முணுமுணுக்குறீக?" என்றாள். மறுநாள் மதியம் மறுபடி நின்றது. நாற்பத்தொன்று வரை எண்ணினேன். அவள் தங்கை என் தோளைப் பிடித்து, "போதும் மச்சான்" என்றாள்.

அதனால் ஏழாவதின் நடுவில் பியானோ, டிரம்ஸ், பாஸ் எல்லாம் ஓய்ந்து, ஒன்பது எண்ணிக்கை வெறும் மௌனம் வைத்தேன். பத்தில் என் பாஸ் தனியாக நுழையும். இங்கேயாவது அவள் திரும்பி வரட்டும் என்றுதான். பதினொரு ஒத்திகை பார்த்தோம், ஒன்றிலும் பிசகவில்லை.

நாகமலை புதுக்கோட்டையில் ஒரு சிறிய அரங்கில் வாசித்தோம். இருபத்தாறு பேர், ஆறு மின்விசிறி. அதில் ஒன்று கடகடத்தது. நிறுத்தச் சொல்லி இரண்டு முறை சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை.

மௌனம் வந்தது. எட்டு, ஒன்பது. பத்தில் விரல் தந்திமேல்தான் இருந்தது. இழுக்கவில்லை. பதினொன்று என்றேன் மனதுக்குள். பன்னிரண்டு. எண்ணிக்கொண்டே போனேன்.

திடீரென்று டிரம்ஸ் முழங்கியது. டிரம்மர் மெல்லிசைக் காலத்துக் கூட்டாளி. கல்யாண மேடையில் ஒருவர் மறந்து நின்றால் இன்னொருவர் கூட்டத்துக்குத் தெரியாமல் நிரப்பிவிடுவது எங்கள் பழக்கம். பியானோ அவரோடு சேர்ந்துகொண்டது, எப்படியோ நானும். கைதட்டினார்கள்.

மேடைக்குப் பின்னால் சீறினேன். "ஏன்யா அடிச்ச? படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?"

"நீங்க வரலையேண்ணே. நட்டுவச்ச கம்பு மாதிரி நிக்கிறீக. முப்பது தாண்டிருச்சு. விழுந்துருவீகளோன்னு பயந்துட்டேன்."

"முப்பத்தஞ்சு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "எண்ணிக்கிட்டா இருந்தீக?"

நான் பாஸுக்கு உறை மாட்டினேன். அவர் மறுபக்கம் பிடித்துக்கொண்டு, "அடுத்த தடவ பத்துல வந்துருங்கண்ணே" என்றார்.

"வாரேன்" என்றேன். வர முடியாதென்று தெரிந்துதான் சொன்னேன்.

மறுநாள் ஏழாவதின் இசைக்குறிப்புத் தாளைத் திருத்தினேன். பத்தாவது எண்ணிக்கை இப்போது டிரம்ஸுக்கு. அவர் தொடங்கியபின் நான் நுழைகிறேன்.