நகலின் முழங்கால்

ஐந்தாவது பொத்தானில் இடது கை மாட்டிக்கொண்டது. வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்தபடி, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, அவன் மறுபடியும் முதல் பொத்தானிலிருந்து ஆரம்பித்தான். ஆறு வாரங்களாக இப்படித்தான். பல் தேய்ப்பது, பூட்டைத் திறப்பது, தேநீரில் சர்க்கரை கலக்குவது, எல்லாம் இடது கை. பேருந்து நிறுத்தத்தில் வலது காலை முன்னே வைத்து, முகவாயை வலது தோளுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நிற்பான். பக்கத்தில் நிற்பவர்கள் கழுத்துச் சுளுக்கு என்று நினைத்து இடம் விடுவார்கள். பேசத் தொடங்குமுன் முஷ்டியால் தொடையை இரண்டு முறை தட்டுவான். அது அவனுடைய பழக்கம் இல்லை. சாம்பியனுடையது.

குத்துச்சண்டைக் கூடத்தில் அவனுக்கு நகல் என்று பெயர். யாராவது யாரோடாவது மோதப் போகிறார்கள் என்றால், அந்த எதிராளியாகப் பயிற்சியில் நிற்பது அவன் வேலை. பன்னிரண்டு வருடங்களில் பதினான்கு பேராக நின்றிருக்கிறான். மூக்கை உறிஞ்சிவிட்டுக் குத்துகிற ஒருவன், அடி வாங்கினால் சிரிக்கிற ஒருவன், அவனைவிட ஒரு சாண் உயரமான ஒருவன். அந்த உயரக்காரனுக்காக ஷூவுக்கு அடியில் ரப்பர் அட்டை ஒட்டி மூன்று வாரம் நடந்து, வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டான். தானாக நின்று சண்டை போட்டது மூன்றே முறை. மூன்றும் தோல்வி. அதைச் சொல்லும்போது அவன் குரலில் வருத்தம் இருக்காது. "நானா நின்னா தோப்பேன். அடுத்தவனா நின்னா நல்லா வரும்" என்பான், தன் சட்டை அளவைச் சொல்வதுபோல.

இந்த முறை அவன் ஆக வேண்டியிருந்தது ஒன்பது வருடங்களாகத் தோற்காத ஒரு பெண். இடது கைக்காரி. அவள் யாரையும் துரத்துவதில்லை. மேடையின் நடுவில், விருந்தாளிகளுக்காகக் காத்திருக்கும் வீட்டுக்காரி மாதிரி நிற்பாள். வந்தவர்களுக்கு இடது கை நேராக வரும். அது கிளம்புவதைப் பார்த்தவர்கள் இல்லை. வாங்கியவர்கள்தான் இருக்கிறார்கள்.

மூன்று வருடங்களுக்கு முன் வாங்கியவர்களில் ஒருத்தி அவன் மனைவி. தோற்று வீடு திரும்பியதும், "அவளோட எடது கைய நான் பாக்கவே இல்லங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். பார்சல் கிடங்கில் பெட்டிகளைப் பிரித்து அடுக்கும் வேலை அவளுக்கு. வயது முப்பத்துநான்கு. எதிர்பாராமல் மறுபடியும் அந்தச் சாம்பியனோடு மோத அழைப்பு வந்தபோது, கூடத்தின் மாஸ்டர் பூசி மெழுகவில்லை. "ரெண்டாவது வாய்ப்பே தவறி வந்தது. மூணாவது கனவுலகூட வராதும்மா" என்றார்.

மேடைக்குள் ஒரு சட்டம் வைத்தார்கள். கயிற்றுக்குள் இருக்கும்வரை அவள் கணவனை 'ஏய்' என்றுதான் கூப்பிட வேண்டும். வெளியே வந்தால் 'என்னங்க'. முதல் நாள் அவன் கொஞ்சம் மெதுவாகக் குத்தினான். அவள் கையுறையைக் கீழே இறக்கிவிட்டு, "ஏய், பாவம் பாக்காத. அவ பாக்கமாட்டா" என்றாள். கயிற்றைத் தாண்டி வெளியே போனாள். "என்னங்க, நெசமா அடிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள்.

நிஜமாக அடித்தான். அவள் கண்ணோரம் கன்றியது. கீழ்வீட்டு அம்மாள் படிக்கட்டில் அவனை மறித்து, கை நீட்டுகிற ஆம்பளைகளைப் பற்றிப் பொதுவாகச் சில வார்த்தைகள் சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பின்னால் ஏறி வந்த மனைவி அவன் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, வீங்கிய உதட்டைக் காட்டி, "இதையும் பாத்துட்டுச் சொல்லுங்கக்கா" என்றாள். அதன்பிறகு அந்த அம்மாள் இருவரிடமும் பேசுவதில்லை.

சாம்பியனை வெல்ல என்னென்ன வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். இடது காலை அவளுடைய வலது காலுக்கு வெளியே வைக்க வேண்டும். எப்போதும் இடப்பக்கமாகவே நகர வேண்டும், அவள் இடது கைக்கு எட்டாமல். வலது கையை நேராக விட வேண்டும். முதல் சுற்றிலிருந்தே வயிற்றில் அடித்துவந்தால் எட்டாம் சுற்றில் கைகள் தாமாகக் கீழே வரும். அவளிடம் தோற்ற அத்தனை பேருக்கும் இது மனப்பாடம். அந்த இடது கை கிளம்பும் நேரம்தான் யாருக்கும் தெரியவில்லை.

மூன்றாவது வாரத்தில் அவன் மனைவிக்குத் தெரிய ஆரம்பித்தது. அவன் இடது கை புறப்படும்போது அவள் தலை அங்கே இருப்பதில்லை. ஒரு சாண் இடப்பக்கம் போயிருக்கும். பத்துக் குத்தில் இரண்டுக்குத் தப்பியது ஐந்தாகி, ஒன்பதாயிற்று. எப்படி என்று மாஸ்டர் கேட்டதற்கு, "முட்டி சொல்லுது மாஸ்டர். வலது முட்டி லேசா மடங்கும், அடுத்து கை வரும்" என்றாள். மாஸ்டர் நகலின் தோளைத் தட்டி, சாம்பியனின் முழங்காலைக்கூட விடாமல் பிடித்துவிட்டானே என்று ஊரெல்லாம் சொன்னார். அவனுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பகலில் அவன் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் இஸ்திரி இயந்திரத்தில் நிற்கிறான். அடித்தளத்து அறை. ஜன்னல் கிடையாது. ஆவியில் எல்லாருடைய முகமும் எப்போதும் அப்போதுதான் குளித்ததுபோல் இருக்கும். வலது காலால் மிதியை அழுத்த வேண்டும், உடனே கையால் சூடான மேல்தட்டைக் கீழே இழுக்க வேண்டும். எதிரில் நிற்கும் அக்கா துணியை விரித்து, சுருக்கம் நீவி, கையை எடுத்துக்கொள்வாள். போட்டிக்குப் பத்து நாள் இருந்தபோது, அவள் முகத்தைத் திருப்பி யாரோடோ கதை பேசிக்கொண்டே கையை எடுத்ததைக் கவனித்தான். என்னைப் பார்க்காமலே எப்படி எடுக்கிறீர்கள் என்று கேட்டான்.

"ஒன் மூஞ்சிய எதுக்குடா பாக்கணும்? முட்டி மடங்கும், கை வரும். பன்னெண்டு வருஷமா கீழ்க்கண்ணால பாக்கறேன், ஒரு தடவகூட மாறினதில்ல."

அவன் தட்டைப் பிடித்தபடியே நின்றான். தலையணை உறை பழுப்பாகிப் புகைந்தபோது அக்காதான் தட்டைத் தூக்கினாள்.

சாப்பாட்டு இடைவேளையில் மூட்டை மூட்டையாகக் கிடந்த படுக்கை விரிப்புகள்மேல் உட்கார்ந்து, கைபேசித் திரையின் மேல்பாதியை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, அதில் வைத்திருந்த சாம்பியனின் ஏழு சண்டை வீடியோக்களிலும் கால்களை மட்டும் பார்த்தான். அந்த வலது முழங்கால் அசையவே இல்லை. நட்டு வைத்த கம்பம் மாதிரி இருந்தது. மடங்கியது அவனுடையது. இயந்திரத்தின் மிதியை மிதித்து மிதித்துப் பழகிய கால், மேடையில் மிதி இல்லாதபோதும் மிதித்துக்கொண்டிருந்தது. மனைவி ஆறு வாரமாகக் கற்றது சலவைக்காரனின் முழங்காலை.

அன்று பேருந்து ஏறாமல் நடந்தே கூடத்துக்குப் போனான். சொன்னால், அவள் கையில் இருந்த ஒரே பிடியும் போய்விடும். சொல்லாவிட்டால், போட்டியன்று மடங்காத முழங்காலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், இடது கை வந்து சேர்ந்துவிடும். மாஸ்டரிடம் தனியாகச் சொன்னபோது அவர் முகம் வெளிறியது. இப்போது வாயைத் திறக்காதே, அவள் மனசு உடைந்துவிடும் என்றார். அவன் கையுறையை மாட்டிக்கொண்டான்.

முழங்காலை இறுக்கிக்கொண்டு குத்தினான். முதல் குத்து அவள் நெற்றியில். இரண்டாவது மூக்கில். மூன்றாவதும் மூக்கில். அவள் கைகளை இறக்கினாள்.

"ஏய். இன்னிக்கு முட்டி என்னாச்சு?"

"அது அவளுது இல்ல" என்றான். "என்னுது. மெஷின் மிதிக்கற முட்டி."

அவள் மேடையின் விளிம்பில் போய் உட்கார்ந்து, கையுறையைக் கழற்றிவிட்டு, வெகுநேரம் கைக்கட்டுத் துணியைப் பிரித்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவன் நடு மேடையிலேயே நின்றான். பக்கத்தில் போகலாமா என்று தெரியவில்லை. மாஸ்டர் எதையோ தேடுவதுபோல் அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

"ஆறு வாரமா அவளப் படிக்கறேன்னு நெனச்சேன்" என்றாள் கடைசியில். "உங்களப் படிச்சிருக்கேன். கல்யாணம் ஆகி ஒம்பது வருஷத்துல உங்கள இவ்ளோ உத்துப் பாத்ததே இல்ல." சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "சரி. இப்ப நீங்களா பேசாதீங்க. அவளா பேசுங்க. உனக்கு எப்ப எரிச்சல் வரும், சொல்லு ஏய்."

அவன் தொடையை இரண்டு முறை தட்டினான். யோசித்தான்.

"நீ ஓடினா எனக்குச் சந்தோஷம். பாய்ஞ்சு வந்தா இன்னும் சந்தோஷம். போன வாரம் ஷூ லேஸ் அவுந்துபோச்சுன்னு எட்டாத தூரத்துல சும்மா நின்ன பாரு, அப்பதான் எனக்குக் கை அரிச்சுது. தானா போயிடுச்சு."

"ஆமா" என்றாள் அவள். "காத்துலதான் போச்சு."

சாம்பியன் சமிக்ஞை எதுவும் தரமாட்டாள். அப்படியானால் கை கிளம்பும் நேரத்தை அவளிடமிருந்து பறிக்க வேண்டும். பத்து நாளும் நிற்பதைப் பழகினார்கள். எட்டுகிற தூரத்துக்கு அரை அடி வெளியே நிற்பது. தோளை மட்டும் அசைப்பது. அவள் கையுறையை லேசாகத் தொட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் இருப்பது. பொறுக்காமல் இடது கை வந்தால், அது நீண்டு முடிவதற்குள் இடது காலை வெளியே வைத்து வலது கையைச் செலுத்துவது. வாழ்நாள் முழுக்க "நிக்காத, நகரு" என்று கத்தியே தொண்டை கெட்டுப்போன மாஸ்டர், "நில்லு, இன்னும் நில்லு" என்று கத்தக் கற்றுக்கொண்டார். நகல் அந்தப் பத்து நாளும் நிஜமாகவே எரிச்சலோடு இருந்தான். வீட்டில் தண்ணீர் கேட்டால்கூட அவள் அரை நிமிடம் கழித்துத்தான் கொடுத்தாள், அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

போட்டியன்று முக்காலியும் வாளியும் அவன் பொறுப்பு. முதல் மூன்று சுற்றுகள் மனைவி கையைவிட்டுப் போயின. அவள் நின்றாள். சாம்பியனும் நின்றாள். கூட்டம் சீட்டியடித்தது, யாரோ இரண்டு பேருக்கும் நாற்காலி போடச் சொன்னார்கள். மூன்றாம் சுற்று முடிந்து முக்காலியில் உட்கார்ந்தவள், வாய்க்கவசத்தைத் துப்பிவிட்டு, "என்னங்க, அவளுக்குக் கை அரிக்குதா?" என்றாள்.

அவன் எதிர்மூலையைப் பார்த்தான். சாம்பியன் தொடையைத் தட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு முறை இல்லை. நிறுத்தாமல்.

"அரிக்குது" என்றான்.

நான்காம் சுற்றில் அந்த இடது கை தானாகக் கிளம்பி வந்தது. காற்றில் நீண்டு, அரை அடி எட்டாமல், ஒரு கணம் அங்கேயே மாட்டிக்கொண்டதுபோல் நின்றது. மனைவியின் வலது கை அதைத் தாண்டிப் போய் சாம்பியனின் முகத்தில் இறங்கியது. ஒன்பது வருடங்களில் யாரும் பார்க்காத ஒன்றைக் கூட்டம் பார்த்தது: அவள் தலை பின்னால் போவதை. அடுத்த சுற்றுகளில் விலாவில், வயிற்றில், மறுபடி விலாவில். மனைவியும் வாங்கினாள். மூக்கில் பஞ்சு வைத்து வைத்து நகலின் விரல்கள் சிவந்தன. ஒன்பதாம் சுற்றில் சாம்பியனின் கைகள் மார்புக்குக் கீழே இறங்கின. கடைசியான பத்தாம் சுற்றில் மனைவியும் கையைத் தூக்க முடியாமல்தான் தூக்கினாள்.

நடுவர் இருவரின் மணிக்கட்டுகளையும் பிடித்துக்கொண்டு நின்றார். மதிப்பெண் தாள்களைப் படித்தார்கள். மதிப்பெண் போட்ட மூன்று பேரில் இரண்டு பேர் ஒரே பெயரைச் சொன்னார்கள். நடுவர் தூக்கியது, மாலையில் நகல் துணி சுற்றிக் கட்டிய கையை.

மாஸ்டர் கயிற்றுக்குள் புகுந்து ஓடினார். நகல் மூலையிலேயே வாளியோடு நின்றான். இனி யாராக நிற்பது என்று தெரியவில்லை. அவன் வலது கால், தரையில் இல்லாத ஒரு மிதியை மெல்ல அழுத்தியது. முழங்கால் மடங்கியது. அத்தனை தலைகளுக்கு நடுவிலிருந்து மனைவி அதைப் பார்த்துவிட்டாள். ஒரு கையை நடுவர் உயரத் தூக்கிப் பிடித்திருக்க, அவள் தலையை ஒரு சாண் இடப்பக்கம் சாய்த்து, வராத குத்துக்கு வழிவிட்டாள்.