எம்புட்டுப் பேர் ஏறுவீங்க?

என் வீட்டுக்காரர் அழகுபாண்டி எழுமலையில் உரக்கடை வைத்திருக்கிறார். கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. குடி இல்லை, சீட்டு இல்லை. சந்தேகம் மட்டும்தான். அது ஒன்றுக்குப் பதிலாக மற்றது ரெண்டும் இருந்து தொலைத்திருக்கலாம் என்று எனக்கே பலமுறை தோன்றியிருக்கிறது.

கேஸ் சிலிண்டர் வந்தால் கடைத் தராசில் ஏற்றி நிறுத்துப் பார்த்த பிறகுதான் அடுப்படிக்கு வரும். ஹோட்டலில் இட்லி பார்சல் வாங்கினால் அங்கேயே இலையைப் பிரித்து எண்ணுவார். டாக்டர் ஊசி எழுதிக் கொடுத்தால் இன்னொரு டாக்டரிடம் போய் முதல் டாக்டர் எப்படி என்று விசாரிப்பார். கல்யாணமான புதிதில் நான் அம்மாவிடம் போனில் சிரித்துப் பேசினால், "என்னையப் பத்தித்தான சிரிச்ச?" என்று கேட்பார். ஆமாம் என்பேன். அதையும் நம்ப மாட்டார்.

இதெல்லாம் வீட்டுக்குள் கிடக்கிற வரைக்கும் சிரித்துக் கழித்துவிடலாம். ஒன்பது வருடத்துக்கு முன்னால் கூடப் பிறந்த அண்ணன் மேலேயே அது பாய்ந்தது. ரெண்டு பேர் தோப்புக்கும் நடுவில் ஒரு எல்லைக் கல். அது ஒரு அடி நகர்ந்திருக்கிறது, நகர்த்தியது அண்ணன் நல்லகாமன்தான் என்று இவர் பிடித்துக்கொண்டார். சர்வேயரைக் கூட்டிவந்து அளந்தார். கல் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. வேறு சர்வேயரைக் கூட்டிவந்தார். அப்போதும் கல் அங்கேயேதான். "ரெண்டு பேரையும் அண்ணன் காசு குடுத்துப் பாத்துட்டான்" என்றார் இவர். ஊரே கேட்கச் சொன்னார். அன்றைக்கு வாயை மூடிய மனிதர்தான் நல்லகாமன் மாமா. தெருவில் எதிரே வந்தாலும் தலை திருப்பாமல் போவார். மாசி சிவராத்திரிக்கு மலையடிவாரத்தில் இருக்கிற எங்கள் குலசாமி கோயிலுக்கு ரெண்டு குடும்பமும் போகும். அவர்கள் மதியம், நாங்கள் சாயங்காலம்.

இந்தத் தை மாதம் ஒரு நாள் இவர் போன் அடித்தது. பெயரைப் பார்த்ததும் கையிலிருந்த காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"தம்பி, இந்த வருசம் சாமி கும்பிட உன் வண்டியில வாரோம். நாங்க ஆறு பேரு" என்றார் மாமா. அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

இவர் வீட்டுக்குள்ளேயே நாலு சுற்று சுற்றினார். முகத்தில் அப்படியொரு சந்தோஷம். பத்து நிமிஷம்தான் அது. "எதுக்குடி தமிழு திடீர்னு வாரேங்கிறான்? தோப்பை விக்கப் போறானோ?" என்று ஆரம்பித்தார். "வாரவுகள வாங்கன்னு சொல்லுங்க. சாமி கும்பிடத்தான் வாராக" என்று ஒரு அதட்டுப் போட்டேன். அடங்கினார். ஆனால் ஒரு விஷயத்தில் உறுதியாக இருந்தார். கோயிலுக்குப் போகிற வழியில் கடைசி மூன்று கிலோமீட்டர் ரோடே கிடையாது. கல்லும் ஓடை மணலும்தான். எங்களிடம் இருப்பது நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப். பின்னால் எதிரும் புதிருமாக நீளப் பலகை சீட்டு. டயர்தான் தேய்ந்து வழுக்கை. "அண்ணன் ஏறுற வண்டி ஓடையில நிக்கக் கூடாது" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை எனக்குப் பிடித்தது.

மூன்று வாரம் செல்போனில் டயர் வீடியோவாகப் பார்த்தார். ராத்திரி தூக்கத்தில்கூட ஆஃப்செட் என்று உளறினார். மதுரை முழுக்கக் கடை கடையாக விசாரித்து, எல்லோரும் திருடன் என்று முடிவுகட்டி, கடைசியில் ஆனையூரில் மைக்கேல்ராஜ் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். "நீ அவன் மூஞ்சிய மட்டும் பாத்துக்கிட்டே இரு. பொய் சொன்னா எனக்குச் சாடை காட்டு" என்று எனக்கு வேலை வேறு.

மைக்கேல்ராஜ் பொய் சொல்கிற முகமாக எனக்குத் தெரியவில்லை. நாற்பது வயதிருக்கும். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராம். அந்தப் பொறுமை மகனுக்கும் வந்திருந்தது. ஒரு ரிம்மைத் தரையில் படுக்கப்போட்டு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

"இந்தா, நட்டு மாட்டுற தட்டு இருக்குல்லக்கா, இது ரிம்முக்குச் சரியா நடுவுல இருந்தா ஆஃப்செட் பூஜ்ஜியம். தட்டு வெளிப்பக்கம் தள்ளி இருந்தா டயர் வண்டிக்குள்ள ஒடுங்கி நிக்கும், அது பிளஸ். தட்டு உள்பக்கம் போயிருச்சுன்னா டயர் வெளிய துருத்திக்கிட்டு நிக்கும், அது மைனஸ்."

"எனக்கு மைனஸ்தான் வேணும். நல்ல அகலமான 285 டயரு" என்றார் இவர். வீடியோவில் பார்த்தது அதுதான்.

"வேணாம்ணே. பாக்க ராஜா மாதிரி இருக்கும். பாரம் ஏறுனா பின்னாடி வண்டி அமுங்கி மட்கார்டு டயர் தலையில இடிக்கும். பேரிங்கும் சீக்கிரம் போயிரும்."

இவர் என் காதருகே வந்தார். "பாத்தியா? பெருச வித்தாத்தான அவனுக்கு லாபம்? வேணாங்கிறான்னா சின்னது தேங்கிக் கிடக்குன்னு அர்த்தம்." விற்க வந்தவன் வாங்கு என்றாலும் சந்தேகம், வேண்டாம் என்றாலும் சந்தேகம். அந்த மனிதன் என்னதான் செய்வான்!

மைக்கேல்ராஜ் வேலை செய்கிற விதமே தனி. கண்மாய்க் களிமண்ணை உருட்டி மட்கார்டின் உள்பக்கம் அப்பி வைப்பார். எத்தனை பேர் ஏறுவார்கள் என்று கேட்டு, ஆள் கணக்குக்கு மண்மூட்டையை வண்டிக்குள் ஏற்றுவார். பிறகு டயரைக் கட்டை மேல் ஏற்றி இறக்குவார். டயர் எதுவரை வருகிறது என்பதைக் களிமண் சொல்லிவிடும். ஏமாற்ற வழியே இல்லை. என் வீட்டுக்காரர் அதிலும் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"எம்புட்டுப் பேர் ஏறுவீங்கண்ணே?" என்று கேட்டார் மைக்கேல்ராஜ்.

"நாலு பேர்" என்றார் இவர், கண்ணைச் சிமிட்டாமல்.

நான் வாயைத் திறந்தேன். என் கால் பெருவிரலை அவர் செருப்பு அமுக்கியது.

நாங்கள் நாலு, அண்ணன் வீட்டில் ஆறு. பத்து பேர். பொங்கல் பானை, அரிசி, விறகு, தண்ணீர் கேன், ஒரு கிடாய். இதெல்லாம் எனக்குத் தெரியும். மைக்கேல்ராஜுக்குத் தெரியாது. அவர் முன் சீட்டில் ரெண்டு மூட்டை, பின்னால் ரெண்டு மூட்டை ஏற்றி, இவர் கேட்டதுக்கும் பழைய அளவுக்கும் நடுவாக 265 டயரையும் பூஜ்ஜிய ஆஃப்செட் ரிம்மையும் மாட்டிப் பார்த்தார். களிமண் அமுங்கி இரண்டு விரற்கடை மிச்சம் இருந்தது.

"நாலு பேருக்குத் தாராளம். ஏழெட்டுப் பேர் ஏறுற வேலை இருந்தா இப்பவே சொல்லிருங்கண்ணே. பிளஸ்ல ரிம்மும் பழைய அளவு டயரும் போட்டு, ஸ்பிரிங்குல ஒரு பட்டை கூட்டிருவோம்."

"அதெல்லாம் இல்ல. நாலுதான்."

திரும்பி வரும்போது ஜீப்பில் கேட்டேன். "ஏங்க, பத்துப் பேரு வாரோமே, ஏன் இப்படிப் புளுகுனீங்க?"

"அட கூறுகெட்டவளே! பத்துன்னு சொன்னா இருபதுக்குத் தலையில கட்டுவான். நாலுன்னாத்தான் பத்துக்குப் போடுவான். கடைக்காரன் புத்தி கடைக்காரனுக்குத் தெரியாதா?" அவர் உரக்கடையில் விவசாயி ஒரு மூட்டை கேட்டால் ரெண்டு மூட்டை என்று காதில் விழும். உலகமே அப்படித்தான் என்று நினைப்பு. கடையில் வைத்துப் புருஷனைப் பொய்யன் ஆக்க வேண்டாமென்று நான் பேசாமல் இருந்தேன். அது என் தப்பு. இன்றைக்கும் சொல்கிறேன், அது என் தப்புதான்.

சிவராத்திரிக்கு முந்தின நாள் சாயங்காலம் நல்லகாமன் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒன்பது வருடத்துக்குப் பிறகு. உள்ளே வரவில்லை. வாசலில் நின்ற ஜீப்பைச் சுற்றி வந்தார், புது டயரைத் தொட்டுப் பார்த்தார், நான் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார். இவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் மதியம் கிளம்பினோம். இவர் ஓட்ட, பக்கத்தில் மாமா. பின்னால் நான், மாமா சம்சாரம் ஒச்சாயி அக்கா, அவர்கள் மகன், மருமகள், ரெண்டு வீட்டுப் பிள்ளைகள் நாலு பேர், காலடியில் கிடாய். ரோடு இருந்தவரை ஒரு பாட்டு இல்லாத குறைதான். மாமா மழையைப் பற்றிக் கேட்டார், இவர் பதில் சொன்னார். கடையைப் பற்றிக் கேட்டார், அதற்கும் சொன்னார். ஒச்சாயி அக்கா என் தொடையைக் கிள்ளினார். எங்கள் ரெண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது.

ஓடையில் இறங்கியதும் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். அடுத்த பள்ளத்தில் இன்னும் பலமாக. ரப்பர் தீய்கிற நாற்றம் வந்தது. இவர் பிரேக் போட்டு இறங்கினார். பின்பக்கம் ரெண்டு டயரிலும் தோள்பட்டை ஓரத்தை வழித்து எடுத்த மாதிரி இருந்தது.

நான் நினைத்தேன், இப்போது மைக்கேல்ராஜைத் திட்டப் போகிறார் என்று. அதற்குத்தான் காதைத் தயாராக வைத்திருந்தேன். அவர் அண்ணனைப் பார்த்தார்.

"நேத்துச் சாயங்காலம் வண்டியச் சுத்திச் சுத்தி வந்தீல? என்னண்ணே பண்ணுன?"

அடப்பாவி மனுஷா! ஒச்சாயி அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "பாத்தியாத்தா தமிழு, குணம் மாறவே இல்ல. நான் அப்பவே சொன்னேன், இந்த மனுசன்தான் கேக்கல."

மாமா குனிந்து அந்த டயரைப் பார்த்தார். "அழகா இருக்கேன்னு தொட்டுப் பாத்தேன்டா" என்று மட்டும் சொன்னார்.

இனிமேல் பொறுக்க முடியாது என்று போனை எடுத்தேன். மைக்கேல்ராஜுக்கு அடித்து, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். அண்ணன் மேல் இருக்கிற பழி போக வேண்டும், அது ஒன்றுதான் என் புத்தியில் இருந்தது. டயர் உரசுகிறது என்று சொன்னேன்.

"எத்தனை பேர்க்கா ஏறியிருக்கீங்க?"

"பத்து."

"அக்கா, அண்ணன் நாலு பேருன்னுதான சொன்னாரு? ரெண்டு தடவை கேட்டேனே. நாலுதான்னாரே. வண்டி மேல, டயர் மேல ஒரு தப்பும் இல்லக்கா. மூணு நாலு பேர இறக்கிட்டு மெதுவா போங்க."

போனை வைத்தேன். பழி போய்விட்டது. வேறொன்று வந்து நின்றது.

"நாலு பேரா?" என்றார் மாமா. குரல் கீழே போயிருந்தது. "அப்ப எங்க ஆறு பேரையும் நீ சேக்கவே இல்லையாடா? வாரோம்னு நான் சொன்னது உனக்கு ஒரு பேச்சாவே படலையா?"

என் வீட்டுக்காரருக்கு முகம் வெளிறிவிட்டது. "அய்யோ, அப்படி இல்லண்ணே! நீ ஏறுறேன்னுதான் டயரே வாங்குனேன். கடைக்காரன நம்பாமத்தான் கொறச்சுச் சொன்னேன். நெசமாண்ணே. தமிழக் கேளு. கடைக்காரனுக்குத் திரும்பப் போன் போட்டுக் கேளு." பேசப் பேச அவருக்கே அது பொய் மாதிரிக் கேட்டிருக்க வேண்டும். பூஜைப் பையைக் கிளறிக் கற்பூரத்தை எடுத்து, அந்த ஓடை மணலிலேயே ஏற்றப் போனார். "இந்தா, சாமி வழியில நிக்கிறோம், அடிச்சுச் சத்தியம் பண்றேன். அப்பவாச்சும் நம்புவியா?" அவசரத்தில் தீக்குச்சி ரெண்டு முறிந்தது.

மாமா குனிந்து தீப்பெட்டியைப் பிடுங்கினார். "எந்திரிடா. என்னத்துக்குச் சத்தியம்? அப்படித்தான்னு நீ சொல்ற. சரின்னு நான் கேட்டுக்கிட்டேன்."

"கேட்டுக்கிட்டியா? நம்பிட்டியா?"

"நம்பிட்டேன்."

இவர் எழுந்திருக்கவில்லை. மணலில் உட்கார்ந்து பிள்ளை மாதிரி விசும்பினார். இந்தப் பதினாறு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. "என்னால இப்படி முடியலையேண்ணே. ஒருத்தன் சொன்னதக் கேட்டுட்டுச் சும்மா இருக்க என்னால முடியலையே. உன்னையவே நம்ப முடியலையே" என்றார். எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அதுவரை இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

மாமா ஆட்களைப் பிரித்தார். பெண்களும் பிள்ளைகளும் வண்டியில். அவர் மகன் கிடாயைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். நான் ஸ்டியரிங்கில் ஏறி உட்கார்ந்தேன்.

மாமா தம்பியின் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டார்.

"உன் குணம் தெரியாமலா போன் போட்டேன்? ஒம்பது வருசம் உன்கூடப் பேசாம இருந்து பாத்துட்டேன்டா. அதுக்கு நீ சந்தேகப்படுறதே தேவலாம்னுதான் வந்தேன். வா, நேரமாகுது" என்றார்.

என் வீட்டுக்காரர் நெசமாத்தானா என்று திருப்பிக் கேட்கவில்லை. கழன்று கிடந்த செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு அண்ணன் கூடவே நடந்தார்.